முப்பத்தெட்டாவது குழாய்

எங்கள் அலுவலகத்தில் அவளுடைய உண்மையான பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் மண்ணக்கா. என்னைவிட ஆறு வயது சின்னவள்; இருந்தாலும் எனக்கும் அக்காதான்.

தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை ஒன்று அவளுடையது. கடலோரத்தில் துளை போட்டு எடுக்கும் மண், ஒரு மீட்டர் நீளக் குழாய்களில் அடைபட்டு அங்கே வந்து சேரும். அவள் குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அறுத்த முகத்தைத் தட்டைக் கத்தியால் வழித்துச் சுத்தம் செய்வாள். நிறம் என்ன, கிளிஞ்சல் உண்டா, வேர் போன தடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்து எழுதுவாள். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பாள். நறநறத்தால் வண்டல், வெண்ணெய்போல வழுக்கினால் களிமண். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அவள் எழுதுவதை அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என் வேலை. என் மேஜை அவள் அறை வாசலுக்கு நேரெதிரே. பதினேழு வருடம் அப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம், ஒரு நாள்கூடச் சண்டை போடாமல்.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா கப்பல் வேலைக்குப் போனவர். வேறு ஏதோ துறைமுகத்தில் வேறு குடும்பம் அமைந்துவிட்டது. அம்மா நோயில் கிடந்து கண்ணை மூடியபோது இவளுக்கு இருபது, அவனுக்கு ஒன்பது. அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும், பள்ளிக்கூடத்தில் அவனுக்காகத் திட்டு வாங்கியதும், அவன் பல் விழுந்ததும் மீசை முளைத்ததும் எல்லாம் இவள் கண்முன்னால்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்றாள். அவன் ஒரு நிலைக்கு வந்தபோது, பேச்சு வருவது நின்றுவிட்டது.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் எந்த எந்திரத்தையும் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிவிடுவான். எங்கள் அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் துளை போட்டுத் தரும் நிறுவனத்தில் அக்காதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். இருபத்தாறு வயதிலேயே ஒரு துளையிடும் எந்திரம் முழுக்க அவன் பொறுப்புக்கு வந்தது. எல்லோரும் டிரில்லர் என்றே கூப்பிட்டார்கள். குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால் முதலில் என் மேஜைக்கு வருவான்.

"அண்ணே, இன்னைக்கு நாலு குழாய். அக்கா பசியோட இருக்கா?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் கடிக்கல."

"நல்ல குடும்பம்ணே எங்களுது. நான் தோண்டுறேன், அவ திங்கிறா."

உள்ளேயிருந்து ஈரத்துணி பறந்து வந்து அவன் முதுகில் விழும்.

விளையாட்டுப் பிள்ளைதான், ஆனால் வேலையில் கறார். குழாய் மேலே வந்ததும் முதல் காரியமாக நீலப் பென்சிலால் மேல்முனையைக் காட்டி அம்புக்குறி போட்டு, எண் எழுதிவிட்டுத்தான் தரையில் வைப்பான். மேல் எது கீழ் எது என்று மாறிவிட்டால் அத்தனை மண்ணும் வீண். உதவியாட்களிடம் அவன் அடிக்கடி சொல்வது: "இதை மறந்தீங்கன்னா எங்க அக்கா உலகத்தோட கதையைத் தலைகீழா எழுதிடும்."

நான் சொல்லவந்த துளை, மீன் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள வெற்று நிலத்தில் போட்டது. ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. கடல்நீர் எந்த அடுக்கு வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்கச் சொல்லி நகராட்சி கேட்டிருந்தது. முப்பத்தாறு மீட்டர் ஆழம் என்று ஒப்பந்தம்.

அந்த வேலை பாதி நடந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டில் எனக்கும் சாப்பாடு. அவன் மனைவி பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, ரெண்டு கடலாமே அடியில? இவர் ஒரு வாரமா அதையே பேசிக்கிட்டிருக்காரு."

"ஒரே கடல்தான்மா, ரெண்டு தடவை வந்திருக்கு. மேல ஒரு ஏழு மீட்டர் சாம்பல் நிறச் சேறு, முழுக்கக் கிளிஞ்சல். அது இப்ப இருக்கிற கடல் கொண்டுவந்து போட்டது. அதுக்குக் கீழ செங்கல் மாதிரி இறுகின சிவப்பு மண். வேர்த்தடமெல்லாம் இருக்கு."

"அப்ப அது தரைதானே?"

"தரையேதான். உலகம் குளிர்ந்துபோய் தண்ணியெல்லாம் பனிக்கட்டியா மலை மேலயும் துருவத்துலயும் உக்காந்துடுச்சு. கடல் நூறு மீட்டருக்கு மேல இறங்கிப் போச்சு. இந்த இடமெல்லாம் வெயில் பட்டு, மழை பட்டு, துருப்பிடிச்ச மாதிரி சிவந்துபோச்சு. அதுக்கும் கீழ ஆத்து மணல். அதையும் தாண்டினா திரும்பவும் கிளிஞ்சல் சேறு. அது ஒரு லட்சத்து இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வந்த கடல். பனி உருகும்போது வரும், உறையும்போது போகும்."

"சொல்லாம வந்து சொல்லாமப் போறது இவர் மாதிரியே இருக்கு," என்றாள் அவள். மூன்று வயது மகள் அப்பாவின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அத்தையின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்துச் சாப்பிட்டது எனக்கு அதுதான் கடைசி.

பத்து நாள் கழித்து, முற்பகலில், அக்காவின் கைபேசி அடித்தது. அவளுக்கு இரண்டு கையும் முழங்கைவரை சேறு. நான்தான் போய் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, அவள் முகத்தருகே பிடித்தேன்.

"அக்கா, முப்பத்தாறு முடிஞ்சுது. அந்தப் பழைய கடல் சேத்துக்குக் கீழ மறுபடியும் மணல்தான். மூட்டை கட்டிடட்டுமா?"

"மணல் எப்படி இருக்கு?"

"பருமனாயிக்கிட்டே வருது. கூழாங்கல்லும் இருக்கு."

"அப்ப ஆத்தோட அடிகிட்ட வந்துட்டோம்டா. இன்னும் ரெண்டே ரெண்டு மீட்டர் போடேன். அதுக்குக் கீழ என்னன்னு பாத்துடலாம்."

"பேப்பர்ல முப்பத்தாறுதானேக்கா? கம்பி ரோப் வேற பழசாயிடுச்சு, மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தும் இன்னும் வரல. பாப்பாவை மத்தியானம் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்."

"ரெண்டு மீட்டர்டா. என் கண்ணுல்ல?"

அவன் சிரித்தான். "கண்ணு மூக்குன்னு ஆரம்பிச்சிட்டியா? சரி, போடுறேன். அதுக்கு மேல ஒரு சாண் கேட்டாலும் நீயே வந்து தோண்டிக்க."

அவ்வளவுதான் பேச்சு. நான் கைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அவள் ஏதோ ராகம் முனகிக்கொண்டே மண்ணை வழித்தாள்.

மூன்று மணிக்கு என் தொலைபேசி அடித்தது. தளத்தில் இருந்த உதவியாள்.

"சார், அக்கா பக்கத்துல இருக்காங்களா? இருந்தா கொஞ்சம் வெளிய போய்ப் பேசுங்க."

முப்பத்தெட்டாவது குழாய் மேலே வந்துவிட்டது. தம்பி அதைக் கழற்றித் தரையில் சாய்த்துவைத்திருக்கிறான். அம்புக்குறி போடக் குனிந்தபோது, துளை இடிந்துவிடாமல் இறக்கியிருந்து இப்போது வெளியே இழுத்துக்கொண்டிருந்த பெரிய இரும்புக் குழாய் சிக்கிக்கொண்டதாக ஒருவன் கத்த, எழுந்து, இரும்பைத் தூக்கும் வின்ச் பக்கம் ஓடியிருக்கிறான். கம்பி வடம் அறுந்தது. மேலே தொங்கிய இரும்பு அவன்மேல் இறங்கியது. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளிடம் போய் நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அவள் கையைக் கழுவினாள். அது மட்டும் நினைவிருக்கிறது. சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்து, நெடுநேரம் கழுவினாள். கழுவி முடித்தால் கிளம்ப வேண்டுமே.

அந்த வீட்டில் தம்பி மனைவி அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "முப்பத்தாறுதானே அண்ணி சொன்னாரு? மத்தியானம் வந்துடுவேன்னுதானே சொன்னாரு? அப்புறம் ஏன் அண்ணி அங்க நின்னாரு?" அக்கா வாய் திறக்கவில்லை. நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை.

ஒரு மாதம் அக்கா அங்கேயேதான் இருந்தாள். சமைத்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், சாப்பிட மறுத்த தம்பி மனைவிக்கு ஊட்டிவிட்டாள், சிக்குப் பிடித்த அவள் தலையை வாரிவிட்டாள். அங்கிருந்தே அலுவலகம் வந்துபோனாள். கடைசி இரண்டு குழாய்களும் வந்து சேர்ந்திருந்தன. முப்பத்தேழில் அவன் போட்ட அம்புக்குறி பளிச்சென்று இருந்தது. உள்ளே பாதி மணல் உதிர்ந்துபோயிருந்தது. முப்பத்தெட்டின் வெளியே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எண்ணும் இல்லை, குறியும் இல்லை. அவசரத்தில் யாரோ இரண்டு முனையையும் மூடி, எப்படியோ வண்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதை அவள் அறுக்கவில்லை. அறையின் மூலையில், சுவரைப் பார்த்து வைத்திருந்தாள்.

பிறகு விசாரணை. இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் இயக்குநர், பாதுகாப்பு அதிகாரி, துளை நிறுவனத்தின் ஆள். தம்பி மனைவியையும் வரச் சொல்லியிருந்தார்கள்; மேஜையின் கோடியில் மடியில் பையை வைத்து அதன் காதை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குறிப்பெடுக்க நான். அக்காவை யாரும் அழைக்கவில்லை.

நிறுவனத்தின் ஆள் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். "ஒப்பந்தப்படி வேலை முப்பத்தாறு மீட்டர்லயே முடிஞ்சிடுச்சு. அதுக்கு மேல யாரோட அனுமதியும் இல்லாம அவராவே போட்டிருக்காரு. வருத்தமான விஷயம்தான். ஆனா தப்பு அவரோடது."

இயக்குநர் என்னைப் பார்த்து, "எழுதிக்கோங்க," என்றார். எழுதினேன். என் கையெழுத்தில், தப்பு அவருடையது என்று எழுதினேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியவன் நான். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கதவு திறந்தது. சேறு படிந்த மேலங்கியோடு அக்கா நின்றாள். மாடிப்படி ஏறிவந்ததில் மூச்சு வாங்கியது.

"அவனா போடல. நான்தான் போடச் சொன்னேன்," என்றாள். "போன்ல சொன்னேன். அவன் வேண்டாம்னுதான் சொன்னான். ரோப் பழசுன்னான். மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன்னான். நான் காதுல வாங்கிக்கல."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவன் போனில் சொன்னதைக் கேட்ட வேறு ஒரே ஆள் நான். நானோ இருந்த இடம் தெரியாமல் இருந்தேன். அதற்குப் பிறகுதான் எழுந்து, "போனைப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தான் சார். இவங்க சொல்றது அப்படியே உண்மை," என்றேன். ரொம்பத் தாமதமான தைரியம்.

அவன் எழுதிக்கொடுத்த கடிதத்தைத் தேடினார்கள். நிறுவனத்தின் கோப்பிலேயே இருந்தது. அவன்மேல் எழுதிய குற்றத்தை அடித்துவிட்டார்கள். வடத்தை மாற்றாத நிறுவனத்தின்மேல் பழி விழுந்தது. அக்காவுக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. இனிமேல் களத்துக்கு நேரடியாக எந்த உத்தரவும் தரக்கூடாது என்றார்கள். அதையெல்லாம் அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் அவளைத் தம்பி மனைவி நிறுத்தினாள். குரல் உயரவில்லை.

"ஒரு மாசம் என் பக்கத்துலயே படுத்திருந்தீங்க. எனக்குத் தலை வாரி விட்டீங்க. நான் கேட்டுக்கிட்டே இருந்தேனே அண்ணி, ஏன் நின்னாரு, ஏன் நின்னாருன்னு. ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே?"

"பயமா இருந்துச்சும்மா. சொன்னா உங்க ரெண்டு பேரையும் விட்டுடணுமேன்னு."

"அந்த ரெண்டு மீட்டர்ல அப்படி என்னதான் இருந்துச்சு?"

"தெரியல. இன்னும் அறுக்கல."

தம்பி மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அடுத்த வாரமே அந்த வீட்டைக் காலிசெய்துகொண்டு தன் அம்மா இருக்கும் பகுதிக்குப் போய்விட்டாள். கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாள்.

கூட்டம் நடந்த அன்று மாலையே அக்கா முப்பத்தெட்டாவது குழாயை அறுத்தாள்.

ஒரு பாதி இறுகின சிவப்பு மண். மறுபாதி சாம்பல் நிறச் சேறு, கிளிஞ்சலோடு. ஆக, மூன்றாவது தடவையாகவும் அங்கே கடல் இருந்திருக்கிறது, இரண்டு லட்சம் வருடத்துக்கும் முன்னால். ஆனால் எந்தப் பாதி மேலே? சிவப்பு மேலே என்றால், கடல் போன பிறகு தரை உண்டானது. அது நாம் ஏற்கெனவே அறிந்த பனிக்காலத்தோடு சேர்ந்துவிடும். சாம்பல் மேலே என்றால், அந்தக் கடலுக்கும் முன்பே அங்கே வெயில் காய்ந்த தரை இருந்தது. அதாவது, இன்னும் ஒரு பனிக்காலம் கூடுதலாகக் கணக்கில் வரும்.

இயக்குநர் நல்ல மனிதர்தான். "விட்டுடும்மா," என்றார். "குறியில்லாத குழாயை வெச்சு ஒண்ணும் எழுத முடியாது. நகராட்சி கேட்டதும் முப்பத்தாறுதான். அதோட முடிச்சுக்கலாம்."

"அதைத் தூக்கிப் போட்டா அவன் எதுக்கு சார் நின்னான்?" என்றாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மூன்று வாரம் அந்த ஒரு மீட்டர் மண்ணோடேயே கிடந்தாள். வேர்த்தடம் கீழே போகப் போக மெலியும் என்பதால் முதலில் வேரைத் தேடினாள். கிடைத்தவை துண்டு துண்டாக, எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. கிளிஞ்சல்கள் எல்லாப் பக்கமும் கவிழ்ந்து கிடந்தன. கடைசியில் சிவப்பும் சாம்பலும் சந்திக்கும் கோட்டை ஊசியால் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க."

சிவப்பு மண்ணுக்குள் சுண்டுவிரல் பருமனில் நாலைந்து ஓட்டைகள். எல்லாம் அந்தக் கோட்டில்தான் வாய் திறந்திருந்தன. மறுமுனை சிவப்புக்குள் உருண்டையாக மூடியிருந்தது. உள்ளே முழுக்கச் சாம்பல் நிற மணல். ஒரு ஓட்டைக்குள் அதைத் துளைத்த சிப்பி, இரண்டு ஓடும் மூடியபடி அப்படியே இருந்தது.

"கடல் வந்து இந்தத் தரையை மூடியிருக்கு. இந்தச் சிப்பி மேலேர்ந்து கீழ துளைச்சிருக்கு. சாம்பல்தான் மேல. தலைகீழா இருக்க வாய்ப்பே இல்ல."

அவள் குரலில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த கைபேசியை எடுத்தாள். ஏதோ அழுத்தினாள். காதில் வைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது எனக்கே கேட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவன்கிட்ட சொல்லத்தான் எடுத்தேன்," என்றாள். "மறந்தே போச்சு எனக்கு. அவன் இல்லங்கிறது ஒரு நிமிஷம் மறந்தே போச்சு." அந்த மாதங்களில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

அறிக்கையில் முப்பத்தெட்டு மீட்டரும் வந்தது. மூன்று கடல், மூன்று பனிக்காலம் என்று நான்தான் தட்டச்சு செய்தேன். நகராட்சிக்கு அதில் பயன்பட்டது மேல் இருபத்தேழு மீட்டர். மிச்சத்தை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

பிரதியை எடுத்துக்கொண்டு தம்பி மனைவியைத் தேடிப் போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். ஒரு தையல் கடைக்கு மேல் இருந்த வீடு. கதவைத் திறந்தவள் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றபடி, கீழே தையல் எந்திரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே, அக்கா சொன்னாள்: அடியில் என்ன இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தாள் என்று, மேலிருந்து கீழ்வரை. தம்பி மனைவி குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன் அண்ணி?"

"நீ கேட்டியேம்மா. பதில் இல்லாம விடக்கூடாதுன்னு."

அவள் தாளை வாங்கவில்லை. "நீங்க சொல்லாட்டியும் அவரே போட்டிருப்பாரு. மணலோட நிறுத்துற ஆளில்ல. அது எனக்கு நல்லாவே தெரியும். நீங்க மறைச்சதுதான் ஆற மாட்டேங்குது. என்னால முடியல அண்ணி."

உள்ளேயிருந்து பிள்ளையின் குரல் கேட்டது. "அம்மா, யாரு? அத்தையா?"

தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்க்காமலே சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவேன். வரணும்னா வாங்க. வீட்டுக்கு வேண்டாம்."

இரண்டு வருடம் ஆகிறது. அக்கா இப்போது அந்த அறையில் இல்லை. தானே கேட்டு நூலகப் பிரிவுக்கு மாறிவிட்டாள். ஞாயிறுதோறும் இரண்டு பேருந்து மாறி அந்தப் பூங்காவுக்குப் போகிறாள். ஒருமுறை அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது நானும் எட்டிப் பார்த்தேன். சறுக்குமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் அக்கா, அந்தப் பக்கம் இன்னொரு பெஞ்சில் தம்பி மனைவி. நடுவில் பிள்ளை ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தாள். இருட்டத் தொடங்கியதும் தம்பி மனைவி எழுந்து மகளைக் கூப்பிட்டாள். பிள்ளை ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்கா என்னைக் கவனிக்கவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.